வடிகலத்தை யார் பார்த்தார்கள்? மதுவடிப்பும் காரீயமும்

கசிப்புப் பிடிபட்ட செய்திகளை நாங்கள் எல்லோரும் வாசித்திருக்கிறோம். இத்தனை லீற்றர் கசிப்பு, இத்தனை பரல் கோடா, இத்தனை பேர் கைது என்று எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போலவே இருக்கும். கூடவே ஒரு படம். பற்றைக்குள் புகை பிடித்துக் கறுத்த ஒரு பரல், அதிலிருந்து வளைந்து போகிற ஒரு குழாய். அந்தப் பரல் முன்பு எதற்குப் பாவிக்கப்பட்டது, குழாய் என்ன உலோகம், மூட்டுகளை எதால் ஒட்டியிருக்கிறார்கள் என்று எந்தச் செய்தியும் சொல்லாது. குடித்தவரின் உடம்புக்கோ அந்தக் கேள்விகள் மிகவும் முக்கியம். மதுவடிக்கும் பாத்திரம் எந்த உலோகத்தில் இருக்கவேண்டும் என்ற இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் 300 வருட வரலாறு ஒன்று இருக்கிறது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழில் நாங்கள் ‘ஈயம்’ என்று சொல்லும்போது இரண்டு உலோகங்கள் அதற்குள் வந்துவிடுகின்றன. எங்கட அம்மம்மாமார் பித்தளைச் சட்டிக்குப் பூசுவித்த ஈயம் வெள்ளீயம். புளியும் உப்பும் பித்தளையைத் தின்னாமல் அது காக்கும். மற்றது காரீயம். கனமானது, மெதுவானது, விலை குறைந்தது, நஞ்சு. இந்த இரண்டையும் கலந்துதான் நெடுங்காலமாகப் பற்றாசு செய்தார்கள், மலிவான பாத்திரங்களும் வார்த்தார்கள். பார்வைக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. எங்கட கதை இந்தக் காரீயத்தைப் பற்றியது.

வடிகலத்தில் மூன்று பகுதிகள். புளித்த கோடாவைக் கொதிக்க வைக்கிற கிடாரம். ஆவி மேலே வந்து சேருகிற தலை. தண்ணீருக்குள் சுருண்டு கிடந்து அந்த ஆவியைக் குளிர வைத்துத் திரும்பத் திரவமாக்குகிற குழாய். இந்தச் சுருளுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் ‘புழு’.

பழைய காலத்து நல்ல கிடாரங்கள் செம்பால் ஆனவை. செம்பு சூட்டை ஒரே சீராகப் பரப்பும், தட்டி வளைக்கலாம், நொதிக்கும்போது உண்டாகிற கந்தக நாற்றத்தையும் ஓரளவு பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் விலை கூட. அதை வளைக்கக் கைதேர்ந்த கன்னார் வேண்டும். காரீயம் அப்படியில்லை. 327 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும், கையாலேயே வளைக்கலாம். அதனால் கிடாரத்தைச் செம்பில் செய்துவிட்டு, தலையையும் சுருளையும் காரீயத்தில் செய்தார்கள். செலவு மிச்சம்.

பிழை நடந்தது அந்த இடத்தில்தான். கிடாரத்துக்குள் கிடக்கிற காரீயம் ஆவியோடு மேலே வராது. அது கொதிப்பதற்கு 1,700 பாகைக்கு மேல் வேண்டும். ஆனால் புளித்த கோடாவில் எப்போதும் கொஞ்சம் வினாகிரி அமிலம் இருக்கும். அந்த அமிலம் ஆவியோடு மேலே போய், குளிர்ந்து, காரீயக் குழாயின் சுவர் வழியே வடியும்போது காரீயத்தைக் கரைத்துக்கொண்டு நேராகக் கிண்ணத்துக்குள் வரும். அப்படி உண்டாகிற உப்பு இனிக்கும், அதனால் நாக்கு எச்சரிக்காது.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொஸ்டன் நகரம் றம் வடிப்பால் செழித்தது. கரீபியன் தீவுகளில் அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்த பாகை வாங்கி, றம் வடித்து, மற்றக் குடியேற்றங்களுக்கு விற்றார்கள். வட கரோலினாவில் அதை வாங்கிக் குடித்தவர்களிடமிருந்து முறைப்பாடு வந்தது. தாங்க முடியாத வயிற்றுவலி, மலச்சிக்கல், பிறகு கைகால் வழங்காமல் போகுதல். வடிசாலைகளைச் சோதித்தபோது பலவற்றில் காரீயத் தலைகளும் சுருள்களும் இருப்பது தெரிந்தது. மருத்துவர்கள் காரீயத்தையே குற்றம் சாட்டினார்கள். 1723இல் மசசூசெட்ஸ் சட்டசபை அவற்றைத் தண்டனையோடு தடைசெய்தது. அமெரிக்கக் குடியேற்றங்களின் மிகப் பழைய பொதுச் சுகாதாரச் சட்டங்களில் அதுவும் ஒன்று.

இந்தக் கதையை எங்களுக்குச் சொன்னவர் பெஞ்சமின் பிராங்கிளின். 1723இல் அவர் பொஸ்டனில் 17 வயதுப் பொடியன், அச்சக வேலை பழகுகிறவர். 63 வருடங்களுக்குப் பிறகு, 1786இல், 80 வயதில், இங்கிலாந்து நண்பர் பெஞ்சமின் வோனுக்கு எழுதிய கடிதத்தில் இதை நினைவுகூர்கிறார். அச்சக எழுத்துகளை நெருப்பில் காயவைத்துச் சூட்டோடு கையாண்ட தொழிலாளர்களின் கைகள் வலித்ததும், பரிஸ் மருத்துவமனை ஒன்றில் இதே வயிற்றுவலிக்காகச் சேர்ந்தவர்களின் பட்டியலில் குழாய் வேலைக்காரரும் வர்ணம் பூசுகிறவர்களும் இருந்ததும் அதே கடிதத்தில் வருகின்றன. எல்லாரையும் இணைத்த பொருள் காரீயம். பயனுள்ள ஓர் உண்மை தெரிந்த பிறகும் அது எல்லோராலும் ஏற்கப்பட எவ்வளவு காலம் எடுக்கிறது என்ற சலிப்போடுதான் கிழவர் கடிதத்தை முடிக்கிறார்.

அவர் சலித்ததில் நியாயம் இருந்தது. பொஸ்டன் 1723இலேயே அறிந்ததை மற்ற இடங்கள் திரும்பத் திரும்பப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 1767இல் ஜோர்ஜ் பேக்கர் என்ற மருத்துவர், இங்கிலாந்தின் டெவன் பகுதியில் அப்பிள் மது குடிப்பவர்களுக்கு வந்த வயிற்றுவலிக்குக் காரணம் அங்கத்தைய பிழிகல்லுகளில் பாவித்த காரீயம் என்று பரிசோதித்துக் காட்டினார். காரீயம் பாவிக்காத ஹெரிபோர்ட் பகுதியின் மதுவில் அது இல்லை என்பதையும் காட்டினார். பேக்கரும் டெவனில் பிறந்தவர்தான். இருந்தும் சொந்த ஊரார் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். ஊரின் வியாபாரம் கெட்டுவிடும் என்ற பயம்.

1788இல் ஜோன் ஹண்டர் என்ற படை மருத்துவர் ஜமெய்க்காவில் பிரித்தானியச் சிப்பாய்களைப் பிடித்த இதே வயிற்றுவலியைப் பற்றி எழுதினார். அவரும் றம்மில் கரைந்த காரீயத்தையே காட்டினார். பொஸ்டன் சட்டம் வந்து 65 வருடம் கழிந்திருந்தது.

இங்கே நாங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். வட கரோலினாக்காரர் வாங்குபவர்கள். அவர்கள் முறைப்பட்டால் வியாபாரம் படுக்கும், அதனால் சட்டம் வந்தது. சிப்பாய் படுத்தால் படைக்கு நட்டம், அதனால் ஒரு மருத்துவர் எழுதினார். அதே தீவுகளில் கரும்பு வெட்டி, பாகு காய்ச்சி, றம் வடித்த அடிமைகளும் அந்த றம்மைக் குடித்தார்கள். தோட்டக்காரர் அதைப் பங்கீடாகவும் வெகுமதியாகவும் கொடுத்தார்கள். அவர்களின் முறைப்பாட்டை யார் எழுதி வைத்தது?

எலும்புகள் வைத்திருந்தன. பார்படோஸ் தீவின் நியூட்டன் தோட்டத்தில் அடிமைகளின் இடுகாடு ஒன்றை 1970களின் தொடக்கத்தில் அகழ்ந்தார்கள். அங்கே கிடைத்த எலும்புகளில் காரீயத்தின் அளவு மிக உயர்வாக இருந்தது. 1986இல் வெளியான ஆய்வில் ஜெரோம் ஹான்ட்லரும் கூட்டாளிகளும், அதற்கு முக்கிய காரணம் காரீயம் கலந்த றம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

பிறகும் கதை முடியவில்லை. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. வடிப்பு காட்டுக்குள்ளும் களஞ்சியத்துக்குள்ளும் போனது. செப்புச் சுருள் வாங்கினால் பிடிபடலாம், பணமும் வேண்டும். ஆனால் பழைய வாகன ரேடியேற்றர் எங்கேயும் கிடந்தது. ஆவியைக் குளிர வைக்க அதைவிடச் சுலபமான சாமான் இல்லை. அதன் மெல்லிய குழாய்கள் எல்லாம் காரீயப் பற்றாசால் ஒட்டப்பட்டவை. மதுவிலக்கு நீங்கிய பிறகும் கள்ள வடிப்பு நிற்கவில்லை. 1990, 1991ஆம் ஆண்டுகளில்கூட அலபாமா மாநிலத்தில் கள்ளச் சாராயத்தால் காரீய நஞ்சேறியவர்களைப் பற்றி அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிக்கை வெளியிட்டது. பொஸ்டன் சட்டத்துக்கு 260 வருடங்களுக்குப் பிறகு, அதே நாட்டில்.

இன்றைக்கு உலோகத்தைப் பற்றி மறைவான அறிவு ஒன்றும் இல்லை. சுத்தமாக வைத்திருக்கிற செம்பு சரி. களிம்பு பிடிக்க விட்டால் அதுவும் உடம்புக்குக் கூடாது. 1913இல் ஷெபீல்ட் நகரில் ஹரி பிரியர்லி துருப்பிடிக்காத உருக்கைக் கண்டுபிடித்த பிறகு, அமிலத்துக்கு அசையாத இன்னொரு உலோகமும் கிடைத்தது. நாகம் பூசிய வாளியும் தகரமும் கூடாது, அமிலம் நாகத்தைக் கரைக்கும். அலுமினியம் அமிலத்தோடு தாக்கமடையும். இரசாயனம் வந்த பழைய பரல் என்றால் கதைக்கவே வேண்டாம். காரீயப் பற்றாசு வைத்த மூட்டு ஒன்று இருந்தாலே போதும், மிச்சமெல்லாம் செம்பாக இருந்தும் பயனில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. நல்ல செம்பில் காய்ச்சினால் கசிப்பு நல்லதாகிவிடும் என்று யாரும் இதை வாசிக்க வேண்டாம். மெதனோல் கலந்திருந்தால் அதை எந்த உலோகமும் தடுத்து நிறுத்தாது. அதற்கு நிறமும் இல்லை.

ஆனால் இந்த 300 வருடத்திலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்வது வேறு. பாத்திரத்தைத் தெரிந்தெடுத்தவர் ஒருவர், குடித்தவர் இன்னொருவர். தெரிந்தெடுத்தவருக்குச் செலவு மிச்சம், குடித்தவருக்குக் கைகால் வழங்காது. மருத்துவ அறிவு 1723இலேயே இருந்தது. அது வேலை செய்தது யாரோ ஒருவர் வடிசாலைக்குள் போய்ச் சுருளைத் தொட்டுப் பார்த்த இடங்களில் மட்டும்தான். வடிப்பு பற்றைக்குள் போனால் அப்படிப் பார்க்க ஒருவரும் இல்லை. பொலிஸ் பார்ப்பது லீற்றர் கணக்கை, நீதிமன்றம் பார்ப்பது தண்டப்பணத்தை.

கசிப்புக் குடிப்பவர்களை ‘குடிகாரர்’ என்று சொல்லிக் கடந்து போவது எங்களுக்குச் சுலபமாக இருக்கிறது. அவர்களில் பெரும்பாலானோர் கூலி வேலை செய்பவர்கள், கடைச் சாராயத்தின் விலை கட்டாதவர்கள். அவர்களுக்கு வயிறு பிடித்து இழுத்தால் அது குடியால் வந்தது என்று வீட்டாரும் சொல்லிவிடுவினம், அவர்களும் நம்பிவிடுவினம். அடுத்த தடவை கசிப்புப் பிடிபட்ட செய்தியை வாசிக்கும்போது, படத்தில் இருக்கிற குழாயையும் ஒருக்கால் உற்றுப் பாருங்கோ.