சாக்கிய பௌத்த சங்கம்

சென்னை இராயப்பேட்டையில் 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) நிறுவிய பௌத்த அமைப்பு. தீண்டாமையின் இழிவைச் சுமந்த மக்களுக்குப் புத்தரின் கருணையும் சமத்துவமும் தன்மானம் தரும் என்று சித்த மருத்துவரான அவர் உறுதியாக நம்பினார்.

அடையாறு பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் இச்சங்கத்திற்குத் துணைநின்றார். அவருடன் இலங்கை சென்ற அயோத்திதாசர், சுமங்கல தேரரிடம் பௌத்த தீட்சை பெற்றார். தாழ்த்தப்பட்ட குழந்தைகளுக்காக ஆல்காட் 1894-இல் அடையாற்றில் தொடங்கிய பள்ளி இன்றும் இயங்குகிறது.

1907-இல் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழை அயோத்திதாசர் தொடங்கினார். மறு ஆண்டு அது ‘தமிழன்’ ஆனது. புத்தர் வரலாறு, அறநூல் விளக்கம், மருத்துவம், சாதி மறுப்பு ஆகியவை அதில் இடம்பெற்றன.

கோலார் தங்கவயல், இரங்கூன், டர்பன் ஆகிய இடங்களிலும் சங்கத்தின் கிளைகள் எழுந்தன. கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அயோத்திதாசரின் மணிமண்டபம் 2023-இல் திறக்கப்பட்டது.