வலிப்பின் மூலத்தைத் தேடி

வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். சாவியால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலும் அது ஓரிரு நிமிடங்களில் தானே அடங்கிவிடும். நோயின் மூலம் இருப்பது மூளையில். ஆனால் மூளையில் எந்த இடத்தில்? இக்கேள்விக்குப் படத்தின் மூலம் விடை காண ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

கட்டைவிரலில் தொடங்கிக் கை, முகம் எனப் பரவும் வலிப்பை இலண்டன் மருத்துவர் ஹ்யூலிங்ஸ் ஜாக்சன் கூர்ந்து கவனித்தார். மூளைப் பரப்பில் ஏதோ ஓரிடத்திலிருந்தே அது கிளம்புகிறது என்று 1870இல் எழுதினார். 1886இல் விக்டர் ஹார்ஸ்லி என்ற அறுவை மருத்துவர், தலையில் பழைய காயமுடைய ஓர் இளைஞரின் மண்டையைத் திறந்து, மூளையிலிருந்த தழும்பை அகற்றினார். வலிப்பு நின்றது. வெளியே காயம் தெரியாதவர்களுக்கு என்ன செய்வது?

1895இல் கண்டறியப்பட்ட எக்ஸ் கதிர்கள் எலும்பைக் காட்டின. மென்மையான மூளையைக் காட்டவில்லை. 1919இல் வால்டர் டாண்டி முதுகுத் தண்டின் வழியே காற்றைச் செலுத்தி மூளையின் உள்ளறைகளைப் படமெடுத்தார். நோயாளி கடுந்தலைவலியால் துன்புற்றார். 1929இல் ஹான்ஸ் பெர்கர் வெளியிட்ட மூளை மின்னலைப் பதிவு, வலிப்பின் மின் கொந்தளிப்பை அறிய வழி செய்தது. ஆயினும் தழும்பைக் காட்ட அதனால் இயலாது.

1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி, பல கோணங்களில் செலுத்திய எக்ஸ் கதிர்களைக் கணிப்பொறியால் தொகுத்து மூளையின் குறுக்குவெட்டைக் காட்டியது. கட்டிகள் தெரிந்தன, நுண்ணிய தழும்புகள் பலவும் தப்பின.

அவற்றைப் பிடித்தது எம்.ஆர்.ஐ. வலிய காந்தப் புலத்தில், உடல் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ரேடியோ அலையை ஏற்றுத் திருப்பித் தருகின்றன. தழும்பேறிய திசுவில் அந்தச் சைகை மாறுபடுகிறது. பொட்டு மடலின் உட்புறத்தில் சுருங்கிக் கிடக்கும் ஹிப்போகாம்பஸ் இவ்வாறு கண்ணுக்குத் தெரிந்தது.

பயன் என்ன என்கிறீர்களா? மருந்துக்கு அடங்காத பொட்டு மடல் வலிப்புடைய 80 பேரைக் கொண்டு கனடாவில் நடந்த ஆய்வின் முடிவு 2001இல் வெளிவந்தது. ஓராண்டுக்குப் பின், நினைவைக் குலைக்கும் வலிப்பிலிருந்து விடுபட்டோர் அறுவைப் பிரிவில் 58 விழுக்காடு. மருந்துப் பிரிவில் 8 விழுக்காடு. எல்லோருக்கும் அறுவை தேவையில்லை. மூன்றில் இருவருக்கு மருந்தே போதும். சிலருக்குப் படத்தில் ஒன்றும் தெரிவதுமில்லை.

1946இல் பர்செல் குழுவினரும் பிளாக் குழுவினரும் அணுக்கருக்களின் இந்தக் காந்தப் பண்பை முதலில் அளந்தது மெழுகிலும் நீரிலும்தான். அந்த ஆய்வே இன்று நோயாளியின் மூளைக்குள் வழிகாட்டுகிறது. ஆகவே, இனி வலிப்பு வந்தவரைக் கண்டால் சாவியைத் தேடாதீர்கள். அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பிறகு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.