கீழாநெல்லி

கீழாநெல்லி (ஃபில்லாந்தஸ் அமாரஸ்) காமாலைக்குத் தமிழ்நாடெங்கும் கைவைத்தியமாகக் கொடுக்கப்படும் சிறு பூண்டு. குமரி மாவட்டம் நெய்யூர் வட்டாரத்தில் மழை பெய்து ஓய்ந்ததும் வாழைத்தோட்டங்களிலும் தென்னந்தோப்புகளிலும் தானாக முளைக்கும். இலைக்காம்பு போலத் தோன்றும் மெல்லிய கிளையைத் திருப்பினால், அடிப்பக்கத்தில் கடுகளவுக் காய்கள் வரிசையாகத் தொங்கும். அந்தி சாய்ந்தால் இலைகள் மடங்கிக்கொள்ளும்.

1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்ற தாவர நூல் இதைப் படத்துடன் பதிந்திருக்கிறது. நெய்யூரில் 1838-ல் லண்டன் மிஷன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் ராம்சே ஆங்கில மருத்துவத்தைத் தொடங்கி வைத்தார். அதன் பிறகும் இந்தப் பச்சிலையின் மதிப்பு குறையவில்லை. சமூலமாக, அதாவது வேரோடு முழுச்செடியாகப் பிடுங்கி, கழுவி, நெல்லிக்காயளவு அரைத்து, மோரிலோ ஆட்டுப்பாலிலோ கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். கூடவே பத்தியமும் உண்டு.

இதன் வரலாற்றில் மிக முக்கியமான கட்டம் சென்னையில் நிகழ்ந்தது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பெர்க்கும், சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் எஸ்.பி. தியாகராஜனும் சக ஆய்வாளர்களும் 1988-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு சோதனை முடிவை வெளியிட்டனர். அந்த வைரஸை உடலில் நெடுங்காலம் சுமந்தவர்களுக்கு, உலர்ந்த கீழாநெல்லித் தூள் 200 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, 30 நாள் கொடுக்கப்பட்டது. 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கே அப்படி ஆனது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் 1990-ல் வெளியான தாய்லாந்துச் சோதனையில் அந்தப் பலன் கிட்டவில்லை. 2011-ல், மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மறுஆய்வும் போதிய சான்று இல்லை என்றே முடித்தது. ஆனாலும் நம் வீட்டுப் பச்சிலையை முறையான சோதனைக்கு உட்படுத்திய அந்தச் சென்னை முயற்சி பெரிதும் மதிக்கத்தக்கது.

பிறகு எப்படிப் பலருக்குக் குணமாகிறது? கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வகைக் காமாலைகள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே தணிபவை. பித்தப்பைக் கல், கணையக் கட்டி, எலிக்காய்ச்சல் இவற்றால் வரும் காமாலை அப்படிப்பட்டதல்ல. அங்கே பச்சிலையை நம்பிக் காத்திருக்கும் நாட்கள் உயிரைப் பறிக்கலாம். கண் மஞ்சளித்தால் இரத்தப் பரிசோதனைதான் முதலில். மயக்கம், பிதற்றல், இரத்தக்கசிவு இருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. கர்ப்பிணிகளும், சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் கீழாநெல்லியைத் தொடர்ந்து உட்கொள்ளலாகாது.

பூண்டை அடையாளம் காண்பதிலும் கவனம் வேண்டும். மூலிகைக் கடைகளில் கீழாநெல்லி என்று கொடுப்பதில் அதன் இனத்தைச் சேர்ந்த வேறு செடிகளும் கலந்திருப்பதைத் தென்னிந்தியாவில் மரபணு ஆய்வு காட்டியிருக்கிறது. நோய் வருமுன் காக்கவும் வழி இருக்கிறது: ஹெபடைடிஸ் பி-யைத் தடுக்கத் தடுப்பூசி உண்டு. அரசு மருத்துவமனைகளில் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போடப்படுகிறது.