ஆர்க்கியோப்டெரிக்ஸ்: பெயரின் அசைப்பிரிப்பும் உச்சரிப்பும்

ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்பது, ஜெர்மனியைச் சேர்ந்த பவேரியாவில் சோல்ன்ஹோஃபென் வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் அடுக்குகளில் புதைபடிவமாகக் கிடைத்ததும், சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்ததும், பறவைக்குரிய இறகுகளோடு பற்களையும் நீண்ட எலும்பு வாலையும் ஒருங்கே உடையதுமான பிராணிக்கு, ஹெர்மன் ஃபான் மேயர் 1861-ல் சூட்டிய விஞ்ஞானப் பெயராகும். புராதனம் என்று பொருள்படும் ‘ஆர்க்காயோஸ்’, சிறகு என்று பொருள்படும் ‘ப்டெரிக்ஸ்’ ஆகிய கிரேக்கச் சொற்கள் புணர்ந்து பிறந்தது இது.

பொருள் நோக்கிப் பிரிப்பவர் ‘ப்டெரிக்ஸ்’ என்பதைத் தனியே நிறுத்துவர். ஒலி நோக்கிப் பிரித்தாலோ, ஆர்–கீ–ஓப்–டெ–ரிக்ஸ் என ஐந்து அசைகள் அமைந்து, இரண்டாம் சொல்லின் முதலில் நின்ற பகரமெய் முந்திய அசையின் ஈற்றொற்றாகிவிடுகிறது. சொல்லின் முதலில் இம்மெய் வருமிடத்து, ‘டெரோடாக்டில்’ என்பதிற்போல, ஆங்கிலேயர் அதை ஒலியாமலே விடுவர். இங்கோ சார்ந்து நிற்க முன்னே ஓர் உயிர் இருப்பதால் அது தெளிவாக ஒலிக்கிறது. நாம் அன்றாடம் வழங்கும் ‘ஹெலிகாப்டர்’ என்பதிலும் இதே சிறகுச் சொல்லின் இனமே இதே முறையில் பிரிந்து நிற்பதைப் பலர் கவனிப்பதில்லை. ‘கீ’யை அடுத்து ‘ஓ’ வருமிடத்தில் தமிழர் நாவில் யகர உடம்படுமெய் தோன்றுவது நம் மொழியின் இயல்பே. அதனால் அசைகளின் தொகை மாறுவதில்லை.

அழுத்தம் லத்தீன் விதியைப் பின்பற்றுவது. ஈற்றயலசை நெடிலாகவோ ஒற்றடுத்தோ இருப்பின் அழுத்தம் அதன்மேல் விழும்; அன்றேல் அதற்கு முந்திய அசைக்குச் செல்லும். ‘டெ’ ஒற்றடுக்காத குறிலாதலால், ‘ஓப்’ என்பதே அழுத்தம் பெறுகிறது. இரண்டாம் அசையின் மெய்யை ஆங்கிலேயர் ககரமாகவும் ஜெர்மானியர் நாவின் நடுவில் உரசும் மெல்லிய காற்றொலியாகவும் உச்சரிப்பர். சர்வதேச விலங்குப்பெயர் விதித்தொகுப்பு எழுத்தை வரையறுப்பதேயன்றி உச்சரிப்பை வரையறுப்பதன்று. ஆதலின் இத்தகைய தேசபேதங்கள் குற்றமாகா. ஆயினும் பகரத்தை விழுங்குவது சிறகென்னும் உறுப்பையே சிதைப்பதாகும். ஆசிரியர்கள் மாணவர்க்கு அதை அழுத்தித் திருத்தமாகக் கற்பித்தல் அவசியம்.

இனப்பெயரான ‘லித்தோகிராஃபிகா’ கல்லச்சுத் தொழிலுக்குப் பயன்பட்ட அச்சுண்ணாம்புக் கல்லைக் குறிப்பது. ‘ப்டெரிக்ஸ்’ கிரேக்கத்தில் பெண்பாற் சொல்லாதலின் இதுவும் பெண்பால் விகுதி ஏற்றது. இதிலும் அழுத்தம் ஈற்றிலிருந்து மூன்றாவதான ‘கிரா’வின் மேலேயே விழும்; தமிழில் இரண்டு எழுத்தாக எழுதினும் அது ஓரசையே.