சுவாசிக்காத ஈஸ்ட்டுக்கு மைட்டோகாண்ட்ரியா எதற்கு?

ரொட்டி ஈஸ்ட்டான சாக்கரோமைசிஸ் செரிவிசியேவுக்குச் சுவாசம் கட்டாயமில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ பழுதுபட்ட ‘பெட்டிட்’ வகைகள் குளுக்கோஸை நொதிக்கவைத்தே பிழைத்துக்கொள்கின்றன. போரிஸ் எஃப்ருஸ்ஸி 1949-இல் விவரித்த வகைகள் இவை. ஆயினும் அந்த வகைகளும் மைட்டோகாண்ட்ரியாவைக் கைவிடுவதில்லை. இரும்பு–கந்தகக் கொத்துகள் அங்கே உருவாவதே காரணம் என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட விடை. அந்தத் தேவை மைட்டோகாண்ட்ரியாவுக்கு உள்ளே அல்ல, பெரும்பாலும் வெளியே எழுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உள்ளே இருக்கும் இரும்பு–கந்தகப் புரதங்களை முதலில் பார்க்கலாம். அகோனிட்டேஸின் நான்கு இரும்பணுக்களில் மூன்றைச் சிஸ்டீன்கள் பற்றியிருக்கின்றன; விடுபட்ட நான்காவதில் சிட்ரேட் வந்து பிணைகிறது. ரீஸ்கே புரதத்தின் இரண்டு இரும்பணுக்களில் ஒன்றை இரு ஹிஸ்டிடின்கள் தாங்குகின்றன. அது எலக்ட்ரானைக் கடத்துகிறது. இரண்டும் இரும்பு–கந்தகக் கொத்துகளே; பணிகளோ முற்றிலும் வேறு. ஆனால் செறிவான ஊடகத்தில் இவ்விரண்டின் மரபணுவையும் நீக்கினாலும் ஈஸ்ட் சாவதில்லை. ஃபெரெடாக்சினான யாஹ்1 இல்லாவிட்டால் சாகும். அதுவோ கொத்துகளை உருவாக்கும் கருவியின் ஓர் உறுப்பு.

வெளியே நிலைமை வேறு. ஆர்எல்ஐ1 புரதத்தின் முன்முனையில் நான்கு இரும்பணுக்கள் கொண்ட இரு கொத்துகள் உள்ளன. புரத ஆக்கம் முடிந்ததும் ரைபோசோமின் இரு துணையலகுகளையும் பிரிப்பது அதன் வேலை. அக்கொத்துகளைப் பற்றும் முக்கியச் சிஸ்டீன்களை மாற்றினால் செல் பிழைக்காது. டிஎன்ஏவை நகலெடுக்கும் பால்3 நொதியின் கதை இன்னும் சுவையானது. அதன் பின்முனையில் உள்ள ஒரு சிஸ்டீன் தொகுதி துத்தநாகத்தைப் பிடிப்பதாகவே நெடுங்காலம் கருதப்பட்டது; அங்கே இருப்பது இரும்பு–கந்தகக் கொத்து என்று 2012-இல் காட்டப்பட்டது. கொத்து இல்லையேல் துணைப்புரதங்களுடனான பிணைப்பு தளர்கிறது. காற்றில் எளிதில் சிதையும் ஒன்றைக் காற்றிலேயே தூய்மைப்படுத்தித் தேடிய துறை இது. துத்தநாகம் என்று பட்டியலிடப்பட்ட வேறு இடங்களையும் ஐயத்துடன் பார்ப்பதே முறை.

இந்த வெளிப்புரதங்கள் மைட்டோகாண்ட்ரியாவைச் சார்ந்திருப்பதற்குச் சான்று உண்டா? கிஸ்பால், லில் குழுவினர் 1999-இல் உட்சவ்வின் ஏடிஎம்1 கடத்தியைக் குறைத்துப் பார்த்தனர். உள்ளே இருந்த இரும்பு–கந்தக நொதிகள் பெரிதும் பாதிக்கப்படவில்லை. வெளியே லியூசின் ஆக்கத்துக்கான லியூ1 முடங்கியது. கந்தகத்தைத் தரும் என்எஃப்எஸ்1 நொதி சிறிதளவு உட்கருவிலும் இருப்பதைச் சுட்டி மறுப்போர் உண்டு. அம்மறுப்பு வலுவற்றது என்பேன்: அந்நொதியை மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே மட்டும் வைத்தபோது லியூ1 முதிர்ச்சி அடையவில்லை.

ஏடிஎம்1 வெளியே அனுப்புவது எது என்பதில்தான் உண்மையான சர்ச்சை. 2014-இல் வெளிவந்த அதன் படிக அமைப்பில் குளுட்டாதயோன் பிணைந்திருந்தது. கந்தகமுள்ள சிறு மூலக்கூறு அங்கே பொருந்தும் என்பதற்கு அது சான்று. கொத்தே முழுதாகக் கடக்கிறது என்பதற்கு அல்ல. நாளை கடப்பது எதுவென்று தெளிந்தாலும், ஏடிஎம்1 குறைந்தால் லியூ1 முடங்கும் என்ற முடிவு அதனால் மாறாது.