எரிமலையா, விண்கல்லா? டைனோசர் அழிவுக் கோட்பாடுகளும் அந்தமான் கடலடிச் சான்றும்

1. வினாவும் களமும்

டைனோசர்கள் அழிந்ததற்கு விண்கல் காரணமா, எரிமலை காரணமா என்ற வழக்கு நாற்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக மெக்சிகோவுக்குப் போவார்கள், இல்லாவிட்டால் தக்காண எரிமலைப் பாறையைப் பார்க்க மகாபலேசுவரத்துக்கு. இக்கட்டுரை அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் அவற்றுக்கு மேற்கே கடலடியில் கிடக்கும் ஒரு நீண்ட முகட்டையும் களமாக எடுத்துக்கொள்கிறது.

கொன்றது எது என்பதில்தான் இரு தரப்பும் முட்டிக்கொள்கின்றன. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு பேரிடர் உயிர்களை ஓரிடத்தில் நலியச் செய்வதற்கும், உலகிலேயே இல்லாமல் ஆக்குவதற்கும் இடையே எவ்வளவு தூரம்? அதை அளக்க இந்தக் கடலில் சான்று இருக்கிறது.

2. தீவுகளின் வயது

அந்தமானில் டைனோசர் எலும்பு தேடுவது வீண்வேலை. டைனோசர்கள் நடமாடிய காலத்தில் இத்தீவுகள் நிலமாகவே இல்லை. போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) அருகிலும் சிடியாடாப்பு, ரட்லண்ட் தீவுப் பக்கங்களிலும் வெளியே தெரியும் ஓபியோலைட் பாறைகள் பழைய கடல்தரையின் துண்டுகள். அவற்றிலிருந்து எடுத்த ஜிர்கான் படிகங்களின் வயது ஏறத்தாழ 9.5 கோடி ஆண்டுகள் என்று 2010இல் இரண்டு ஆய்வுகள் தெரிவித்தன. அதாவது, பேரழிவுக்கு 3 கோடி ஆண்டுகள் முன்பே உருவான கல் இது. இந்தியத் தட்டு பர்மாத் தட்டின் அடியில் செருகிக்கொண்டே போனதால் மேலே சுரண்டி ஒதுக்கப்பட்ட கடல்தரையும் வண்டலும்தான் பிற்காலத்தில் தீவாக எழுந்தன.

டைனோசர் எலும்பு வேண்டுமென்றால் அரியலூருக்குத்தான் வர வேண்டும். கல்லமேட்டுப் படிவுகளிலிருந்து கிடைத்த எலும்புகளை வைத்து புருகத்காயோசரஸ் என்ற பேருருவ விலங்கை யாதகிரியும் அய்யாசாமியும் 1980களில் விவரித்தார்கள். அந்த எலும்புகள் பின்னர் நொறுங்கிப்போயின. எப்படியாயினும், ஆற்று மணலிலும் களிமண்ணிலும் புதைந்த எலும்பைக் கொண்டு அழிவின் நேரத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. அதற்குக் கடல் வண்டல் வேண்டும். அதில் அடுக்கடுக்காகப் படியும் ஃபோராமினிஃபெரா வேண்டும். சுண்ணாம்பு ஓடு கொண்ட இந்த நுண்ணுயிர்கள் கிரெட்டேசியஸ் காலத்தின் முடிவில் டைனோசர்களோடு சேர்ந்தே பேரளவில் மறைந்தன. டைனோசர் ஒன்று கிடைத்தால் இவை கோடிக்கணக்கில் கிடைக்கும்.

3. கோட்பாடுகள்

3.1 விண்கல்

1980இல் லூயி ஆல்வரஸ், அவர் மகன் வால்டர் ஆல்வரஸ், ஃப்ராங்க் அசாரோ, ஹெலன் மிஷெல் ஆகிய நால்வரும் இத்தாலியின் குப்பியோ ஊருக்கருகே, கிரெட்டேசியஸ் முடிவைக் குறிக்கும் எல்லைக் களிமண்ணில் இரிடியம் வழக்கத்தைவிட 30 மடங்கு இருப்பதைக் காட்டினார்கள். டென்மார்க்கில் அது 160 மடங்கு. பூமியின் மேலோட்டில் அரிதான இந்த உலோகம் விண்கற்களில் மிகுதி. ஏறத்தாழ 10 கி.மீ. குறுக்களவுள்ள சிறுகோள் மோதியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். மோதிய பள்ளம் மெக்சிகோவின் யுகாத்தானில் சிக்சுலுப் என்ற ஊரையொட்டிப் புதைந்து கிடப்பது 1991இல் உறுதியானது. குறுக்களவு ஏறத்தாழ 180 கி.மீ., வயது 6.6 கோடி ஆண்டுகள். அங்கிருந்த பாறையில் ஜிப்சம் வகைக் கந்தகக் கனிமங்கள் நிறைய. மோதலில் அவை ஆவியாகி, புகைக்கரியோடும் நுண்தூசியோடும் சேர்ந்து சூரிய ஒளியை மறைத்தன, ஒளிச்சேர்க்கை நின்றது, உணவுச் சங்கிலி அடியிலிருந்தே அறுந்தது. இதுதான் இக்கோட்பாட்டின் சாரம்.

3.2 தக்காண எரிமலை

தக்காணத்தின் எரிமலைப் பாறை இன்று எஞ்சியிருப்பதே ஏறத்தாழ 5 லட்சம் சதுர கி.மீ. மேற்குத் தொடர்ச்சி மலையில் அதன் தடிமன் 2 கி.மீ.க்கும் மேல். குழம்பின் ஒரு பகுதி வங்கக் கடற்கரையில் ராஜமுந்திரி வரை ஓடிவந்தது. டூயி மெக்லீன், வின்சென்ட் குர்த்தியோ, கெர்டா கெல்லர் ஆகியோர் இந்தத் தரப்பின் முக்கியப் பெயர்கள். எரிமலை வாயுக்கள் முதலில் குளிர்ச்சியையும் பிறகு வெப்பத்தையும் கடல்நீரில் அமிலத்தன்மையையும் உண்டாக்கின என்பது வாதம். இரிடியத்துக்கும் இவர்களிடம் பதில் உண்டு: ஹவாயின் கிலாவியா எரிமலை 1983இல் கக்கிய துகள்களிலேயே இரிடியம் இருந்தது. எல்லை அடுக்கில் கிடைக்கும், அதிர்ச்சியால் கோடு விழுந்த குவார்ட்ஸ் படிகங்களுக்கு மட்டும் எரிமலையிடமிருந்து நம்பும்படியான விளக்கம் வரவில்லை.

3.3 பிற

மும்பைக் கடலில் இன்னொரு பெரிய மோதல் பள்ளம் இருப்பதாகச் சங்கர் சாட்டர்ஜி முன்வைத்த சிவா பள்ளக் கருத்தைப் புவியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. கடல்மட்டம் தாழ்ந்ததே காரணம் என்ற பழைய கோட்பாட்டைப் பற்றி 5ஆம் பகுதியில் ஒரு சொல்.

4. தொண்ணூறு கிழக்கு முகடு

நிக்கோபாருக்கு மேற்கே, கிழக்கு 90 பாகை தீர்க்கரேகையை ஒட்டி, வடக்குத் தெற்காகப் பல ஆயிரம் கி.மீ. நீளத்துக்கு ஒரு மலைத்தொடர் கடலுக்குள் கிடக்கிறது. பள்ளிக்கூட நிலப்படத்தில் இது கண்ணில் படுவதில்லை. இந்தியத் தட்டு வடக்கு நோக்கி விரைந்தபோது, தென்கோடியில் கெர்குலன் வெப்பப்புள்ளி அடியிலிருந்து துளைத்துத் துளைத்து எழுப்பிய எரிமலைகளின் வரிசை அது.

குளோமர் சேலஞ்சர் என்ற துளையிடும் கப்பல் 1972இல் இந்த முகட்டில் எண் 216, 217 என்ற இடங்களில் துளையிட்டு வண்டல் தூண்களை எடுத்தது. 217ஆம் இடம் கார் நிக்கோபாருக்கு மேற்கே ஏறத்தாழ 250 கி.மீ. தொலைவில் இருக்கிறது, 216 அதற்கும் வெகு தெற்கே, நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில். இவ்விரண்டு தூண்களிலும் கிரெட்டேசியஸின் கடைசிக் கட்டமான மாஸ்ட்ரிச்சியன் காலத்து வண்டல் எரிமலைப் பொருளோடு கலந்து கிடக்கிறது.

இந்தத் தூண்களை கெல்லரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஃபோராமினிஃபெராவை எண்ணியும் அளந்தும் ஆராய்ந்தார்கள். எரிமலைத் தாக்கம் மிகுந்த அடுக்குகளில் இனங்களின் எண்ணிக்கை சரிந்தது. பெரிய, நுணுக்கமான வாழ்முறை கொண்ட இனங்கள் காணாமல் போயின. எஞ்சியவை குள்ளமாயின; பல தம் இயல்பான வளர்ச்சியில் பாதிக்கும் குறைந்த அளவில் நின்றுவிட்டன. மிக மோசமான கட்டங்களில் கும்பெலிட்ரியா என்ற ஒரே பேரினம் ஏறக்குறைய முழு வண்டலையும் பிடித்துக்கொண்டது. இந்தப் பேரினம் புவியியலாளருக்கு நன்கு பழக்கமானது. ஊர் எரிந்த இடத்தில் முதலில் முளைக்கும் எருக்கஞ்செடி போல, பேரழிவுக்குப் பிந்தைய வண்டலில் உலகெங்கும் முதலில் பெருகியது இதுதான்.

சான்று சொல்வது என்ன? எரிமலை தனியாகவே கடல் உயிர்களைப் பேரழிவு மட்டத்துக்கு நலியச் செய்யும் என்பது இங்கே கையில் பிடித்துக் காட்டும்படி இருக்கிறது. எரிமலைத் தரப்புக்கு இதைவிட வலுவான ஆதாரம் நான் கண்டதில்லை. ஆனால் அதே தூண் மறுபக்கமும் பேசுகிறது. அந்த நலிவு உள்ளூரோடு நின்றது. அங்கே காணாமல் போன இனங்கள் பிற கடல்களில் வாழ்ந்துகொண்டுதான் இருந்தன. சூழல் தேறத் தொடங்கியதும் முதலில் ஹெட்டரோஹெலிக்ஸ் போன்ற சிறிய இனங்கள் தலைதூக்கின, அவற்றோடு பெரியவற்றில் சிலவும் வந்தன. திரும்பி வர ஓர் இனம் எங்கோ உயிரோடு இருந்ததே இங்கு முக்கியம். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எல்லையில் அப்படித் திரும்பி வர ஆள் இல்லை.

தக்காணம் இந்த முகட்டு எரிமலைகளைவிடப் பன்மடங்கு பெரிது, ஆகவே அதன் கொலைவீச்சும் உலகளாவியது என்று பதில் சொல்லலாம். பருமன் பெருகினால் வீச்சும் அதே விகிதத்தில் பெருகும் என்று கொள்வதற்கு இடையிலே ஒரு தடை உண்டு. அதைப் பேரன் தீவில் பார்க்கலாம்.

5. தீவுகள் தரும் அளவுகோல்கள்

5.1 பேரன் தீவு

போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கி.மீ. தொலைவில் உள்ள பேரன் தீவு இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப் பின் அடங்கிக் கிடந்து, 1991இல் மீண்டும் கக்கத் தொடங்கியது. அதே ஆண்டு பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ வெடித்தது. பினாட்டுபோவின் கந்தகம் அடுக்கு மண்டலத்துக்குள் ஏறி உலகச் சராசரி வெப்பத்தை ஏறத்தாழ அரை பாகை குறைத்தது. ஓரிரு ஆண்டுகளில் மழையோடு இறங்கியும்விட்டது. பேரன் தீவின் கக்கல் உலகத் தட்பவெப்பத்தில் தடமே பதிக்கவில்லை. அந்தத் தீவிலேயே காட்டாடுகள் இன்றும் திரிகின்றன.

எரிமலைக் கந்தகம் காற்றில் தங்கும் காலம் சில ஆண்டுகள்தான் என்பதே நான் சொன்ன தடை. தக்காணக் குழம்பு ஒரே மூச்சில் வரவில்லை. லட்சக்கணக்கான ஆண்டுகளில் விட்டு விட்டு வந்தது. ஒரு பாய்ச்சலுக்கும் அடுத்ததற்கும் இடையே சில நூற்றாண்டுகள் ஓய்வு கிடைத்தாலே மேற்கடல் தேறிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

5.2 டிசம்பர் 26, 2004

சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கி.மீ. நீளத்துக்கு நிலநடுக்கத்தில் பிளவு கிழிந்த அன்று, வட அந்தமானின் மேற்குக் கரை ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்து பவளத் திட்டுகள் வெயிலில் காய்ந்து செத்தன. தீவுகளின் தென்கோடியான இந்திரா முனை 4.25 மீட்டர் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் போயிற்று. ஒரே நாளில் தீவுக் கூட்டத்தின் ஒரு முனையில் கடல் பின்வாங்கியது, மறுமுனையில் ஏறியது. ஏதோ ஒரு கரையில் கடல் விலகிய தடயத்தைக் கண்டு உலகக் கடல்மட்டமே தாழ்ந்தது என்று சொல்ல எவ்வளவு தயங்க வேண்டும் என்பதற்கு இது போதும்.

ஆழிப்பேரலையின் கணக்கு இன்னும் சுவையானது. சிக்சுலுப் மோதல் எழுப்பிய அலையின் தொடக்க ஆற்றல் 2004 அலையினுடையதைப் போல 30,000 மடங்கு வரை இருந்தது என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2022இல் கணித்தார்கள். நியூசிலாந்து வரை கடல்தரை அரிக்கப்பட்டது. ஆனால் அதே கணிப்பில் இந்தியப் பெருங்கடல் பெரும்பாலும் தப்பிய பகுதிகளுள் ஒன்று. அலையின் உக்கிரம் இங்கு எட்டவில்லை. இருந்தும் இரிடியம் செறிந்த எல்லை அடுக்கு மேகாலயாவின் உம் சோரிங்கியூ ஆற்றங்கரையில் இருக்கிறது; அங்கேயும் ஃபோராமினிஃபெரா மடிந்தன. அலை வராத கடலில் கொன்றது காற்று வழியாக வந்ததுதான். உள்ளூரைத் தாண்டி எங்கும் ஒரே நேரத்தில் பரவும் வழி வானம் ஒன்றே.

6. காலக்கணக்கின் சிக்கல்

2019 பிப்ரவரியில் ஒரே இதழில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. பிரின்ஸ்டனின் பிளேர் ஷோனே குழு யுரேனியம்–ஈயம் முறையில் கணக்கிட்டு, தக்காணம் நான்கு பெரும் வீச்சுகளாக வெடித்தது, அவற்றில் ஒன்று மோதலுக்குச் சில பத்தாயிரம் ஆண்டுகள் முன்பே தொடங்கியது என்றது. கோர்ட்னி ஸ்ப்ரெயின், பால் ரென்னே குழு ஆர்கான் முறையில் கணக்கிட்டு, குழம்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு எல்லைக்குப் பிறகே வந்தது என்றது. பாறை ஒன்றே, முடிவு இரண்டு. இவற்றின் பிழை வரம்பு பல்லாயிரம் ஆண்டுகள்; மோதலோ ஒரு பொழுதில் நடந்து முடிந்தது. பாறை வயதை மட்டும் கொண்டு இவ்வழக்கைத் தீர்க்க முடியாததற்கு இதுவே காரணம்.

2020இல் யேலின் பின்செல்லி ஹல் குழு வேறு வழியில் போனது. கடல் வண்டலின் வெப்பப் பதிவைப் படித்து, தக்காண வாயுவால் உண்டான ஏறத்தாழ 2 பாகை வெப்பம் மோதலுக்கு முன்பே தணிந்துவிட்டது என்று காட்டியது. அந்த வெப்பத்தில் பேரழிவு எதுவும் பதிவாகவில்லை. முகட்டுத் தூண்களில் கண்டதற்கு இது ஒத்துப்போகிறது. என் தீர்ப்பு இதுதான்: கொன்றது விண்கல். தக்காணத்துக்கு இரண்டாம் இடம் கொடுக்கலாம், மோதலுக்குப் பின் பாய்ந்த குழம்பு மீட்சியைத் தாமதப்படுத்தியிருக்கக்கூடும் என்ற அளவில். கெல்லர் இதை ஏற்கமாட்டார். அவர் திரட்டிய சான்றே என்னை இந்தப் பக்கம் தள்ளியது என்பது வேறு.

7. தப்பியவை

எந்தக் கோட்பாடும் பிழைத்தவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். இனங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு அழிந்தபோது முதலைகளும் ஆமைகளும் பிழைத்தன. டைனோசர் மரபில் பறவைகள் மட்டும் மிஞ்சின, அவற்றிலும் ஒரு பகுதியே. உலகெங்கும் காடுகள் சரிந்ததால் மரத்தில் வாழ்ந்த பறவைகள் மடிந்து தரையில் வாழ்ந்தவை தப்பின என்று டேனியல் ஃபீல்ட் குழு 2018இல் வாதிட்டது. எரிந்து இருண்ட உலகில் செடியை நம்பியவை சாகும். அழுகலையும் விதையையும் தின்பவை கொஞ்ச காலம் தாங்கும். மெல்ல நகரும் எரிமலைக் காலத்தைவிட, சில ஆண்டு இருட்டுக்கு இந்தத் தேர்வு கச்சிதமாகப் பொருந்துகிறது.

நிக்கோபாரில் தரையில் வாழும் டைனோசர் வழித்தோன்றல் ஒன்று உண்டு: மணலும் மக்கிய இலையும் குவித்து மேடு கட்டி, முட்டையை அதில் புதைத்து, அடைகாக்காமல் விட்டுப்போகும் மேட்டுக்கோழி. மேடுகள் பெரும்பாலும் கரையோரத்தில் இருந்ததால் 2004 அலைக்குப் பின் அதன் தொகை ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்ததாகக் கணக்கெடுப்பு சொன்னது. நலிவு கடுமையானது, ஆனாலும் அலை எட்டாத இடங்களில் இருந்த இணைகளால் இனம் நிற்கிறது. முகட்டுத் தூணில் உள்ள கதையும் இதே வகைதான். ஒதுங்க ஓர் இடம் மிஞ்சியிருக்கும்வரை நலிவு நலிவாகவே நிற்கும். சிக்சுலுப்புக்குப் பின் பெரிய டைனோசர்களுக்கு அப்படி ஓர் இடம் எந்தக் கண்டத்திலும் இருந்ததாக இதுவரை ஒரு படிவும் காட்டவில்லை.