பச்சையும் பழுப்பும்: கோல்ஃப் பந்து குழிக்குள் உருண்ட வரலாறு

1895-ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்றை மதுரைக்காரர்கள் இன்றும் மறக்கவில்லை. பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை அந்த ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது. மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி வைகையில் வந்து சேர்ந்தது. மற்றொன்று அவ்வளவாக யாருக்கும் தெரியாது. அதே ஆண்டில், அப்போது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கொடைக்கானலில் கோல்ஃப் கிளப் ஒன்று தொடங்கப்பட்டது.

அணைக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் தண்ணீர்தான். கோல்ஃப் ஆட்டத்தின் மிக நுட்பமான பகுதி, பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் ‘பட்டிங்’. எப்படி நிற்பது, எப்படிப் பிடிப்பது, எவ்வளவு பலத்தில் தட்டுவது என்பதையெல்லாம் கால் நிற்கும் தரை தீர்மானிக்கிறது. அந்தத் தரை எப்படி இருக்கும் என்பதைத் தண்ணீர் தீர்மானிக்கிறது.

பட்டரும் பட்டிங்கும்

மதுரையில் பட்டர் என்றால் மீனாட்சி அம்மன் கோவில் பட்டர்தான் நினைவுக்கு வருவார். கோல்ஃபில் பட்டர் என்பது ஒரு மட்டையின் பெயர். தூரமாக அடிக்க வேறு மட்டைகள் உண்டு. குழிக்குப் பக்கத்தில் வந்தபிறகு பந்தைத் தரையோடு உருட்ட இந்தத் தட்டை முக மட்டையை எடுக்கிறார்கள்.

குழியின் விட்டம் நாலேகால் அங்குலம், அதாவது 108 மில்லிமீட்டர். இந்த அளவு 1891-இல் விதியாக்கப்பட்டது. பந்தின் விட்டம் சுமார் 43 மில்லிமீட்டர். இரண்டு பந்து தாராளமாகப் போகும் குழிதானே என்று தோன்றும். ஆனால் 72 அடிகளில் முடிக்க வேண்டிய ஒரு மைதானத்தில், குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள் பட்டிங்குக்கே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பாதி ஆட்டம் இந்தச் சின்னத் தட்டலில்தான் இருக்கிறது. இருநூறு மீட்டர் பறக்கும் அடியும் ஓர் அடிதான். இரண்டடி தூரம் உருட்டித் தவறவிடுவதும் ஓர் அடிதான்.

தெருவில் கோலிகுண்டு ஆடியவர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. குண்டுக்கும் குழிக்கும் நடுவே உள்ள புழுதியைக் கையால் தடவிச் சமப்படுத்திவிட்டு, ஒரு கண்ணை மூடிக் குறி பார்க்கும் பையனுக்கு பட்டிங்கின் பாதி பாடம் ஏற்கனவே தெரியும். அந்தப் பையனுக்கும் கோல்ஃபுக்கும் உள்ள உறவு எவ்வளவு நெருக்கமானது என்பது சற்றுப் பின்னால் புரியும்.

மலைக்கு ஏறிய ஆட்டம்

கோல்ஃப் ஸ்காட்லாந்தில் வளர்ந்த ஆட்டம். கடலோர மணல்மேடுகளில், அடிக்கடி பெய்யும் மழையில், ஆடுகள் மேய்ந்து கட்டையாகிப்போன புல்லில் அது உருவானது. ஆங்கிலேயர்கள் போன இடத்துக்கெல்லாம் அதைக் கொண்டுபோனார்கள். 1829-இல் கல்கத்தாவில் கிளப் தொடங்கினார்கள். பிரிட்டனுக்கு வெளியே உள்ள மிகப் பழமையான கோல்ஃப் கிளப் அதுதான். 1876-இல் பெங்களூரிலும் ஒன்று தொடங்கியது.

அதே 1876-இல்தான் சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் பிடித்தது. 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் மதுரை மாவட்டமும் தப்பவில்லை. பெரியாற்றுத் தண்ணீரைத் திருப்பும் பழைய யோசனை உறுதியான திட்டமாக மாறியதற்கு அந்தப் பஞ்சம் ஒரு முக்கியக் காரணம்.

மதுரைச் சமவெளியில் ஆண்டுக்குச் சுமார் 85 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் வந்து போய்விடும். சித்திரை வெயிலில் 40 டிகிரி சாதாரணம். வெயிலுக்குப் பயந்த வெள்ளைக்காரர்கள் மலையைத் தேடினார்கள். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845-இல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் அங்கே ஏரியை உண்டாக்கினார்.

1895-இல் கொடைக்கானலுக்கு மோட்டார் ரோடு கிடையாது. அடிவாரத்திலிருந்து நடந்தோ, குதிரையிலோ, ஆள் தூக்கும் நாற்காலியிலோதான் ஏற வேண்டும். துரைமார்களின் மூட்டை முடிச்சுகள் கூலிகளின் தலையில் ஏறின. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் குளிரும் உண்டு, மழையும் உண்டு, புல்லும் உண்டு. ஸ்காட்லாந்தை நினைவுபடுத்தும் நிலம் கிடைத்துவிட்டது. இன்றும் தூண் பாறைகள் போகும் வழியில் உள்ள அந்த 18 குழி மைதானத்தில் காட்டுமாடுகள் வந்து மேய்வதைப் பார்க்கலாம். 1985-இல் திண்டுக்கல் தனி மாவட்டமானபோது கொடைக்கானலும் மதுரையிலிருந்து பிரிந்தது.

சமவெளியின் பதில்

மலையில் சரி. கீழே என்ன செய்வது? எல்லா அதிகாரிகளும் வருஷம் முழுவதும் மலையிலேயே இருக்க முடியாது. பட்டாளமும் ரயில்வேயும் கச்சேரியும் சமவெளியில்தான் இருந்தன. மற்ற இடங்களில் புல் கொஞ்சம் காய்ந்தாலும் ஆடிவிடலாம். குழியைச் சுற்றியுள்ள பகுதி அப்படியல்ல. அதைத்தான் ஆங்கிலத்தில் ‘கிரீன்’, அதாவது பச்சை என்கிறார்கள். அங்கே புல்லைச் சில மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒட்ட வெட்ட வேண்டும். அப்படி வெட்டிய புல், வெயில் காலத்தில் தண்ணீர் இல்லாமல் சில நாட்கூடத் தாங்காது.

இந்தியச் சமவெளிகளின் பல மைதானங்கள் இதற்குக் கண்டுபிடித்த விடைதான் ‘பிரவுன்’. பச்சை இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு. தரையை நன்றாகக் கெட்டித்து, அதன்மேல் சலித்த மணலை மெல்லிய படையாகப் பரப்புவார்கள். காற்றில் பறக்காமலும் புழுதி கிளம்பாமலும் இருக்க எண்ணெய் கலப்பார்கள். பழைய என்ஜின் ஆயில்கூட இதற்குப் பயன்பட்டது. நடுவில் குழி, குழியில் கொடி. அவ்வளவுதான். தண்ணீர் வேண்டாம், புல்வெட்டும் எந்திரம் வேண்டாம்.

இது இந்தியாவில் மட்டும் நடந்ததல்ல. ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியிலும், அமெரிக்காவின் கான்சாஸ், நெப்ராஸ்கா போன்ற பகுதிகளிலும் எண்ணெய் மணல்தான் இருந்தது. உலகப் புகழ்பெற்ற பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் மைதானத்திலேயே 1930-களின் நடுப்பகுதி வரை மணலில்தான் பட்டிங் செய்தார்கள் என்றால் பலர் நம்ப மாட்டார்கள்.

மணலில் உருட்டும் முறை

பிரவுனில் ஆடுவதற்குத் தனி ஒழுங்கு உண்டு. ஒரு கோஷ்டி ஆடி முடித்ததும் மணலெல்லாம் காலடித் தடமாக இருக்கும். மட்டைப் பையைத் தூக்கிவரும் கேடியோ, அங்கே நிற்கும் பணியாளோ, பாயையோ கனமான சாக்கையோ இழுத்து மணலைச் சமப்படுத்துவார். சில இடங்களில் பந்துக்கும் குழிக்கும் நடுவே ஒரு பாதையை மட்டும் இழுத்துவிட்டு ஆடுவார்கள். கோலி ஆடும் பையன் கையால் செய்ததை இங்கே சாக்கு செய்கிறது.

சமப்படுத்திய மணல் பெரும்பாலும் மட்டமாக இருக்கும். புல்லின் சாய்வு என்று ஒன்று கிடையாது. எனவே பந்து நேராக ஓடும். வளைவைக் கணக்கிடும் வேலை குறைவு. பலத்தைக் கணக்கிடும் வேலை அதிகம். மணல் பந்தைப் பிடித்து நிறுத்தும். எனவே தயங்கித் தட்டினால் பாதியிலேயே நின்றுவிடும். மட்டையின் முகம் குழியை நேராகப் பார்க்க வேண்டும், தட்டல் உறுதியாக இருக்க வேண்டும். இந்த இரண்டும்தான் பிரவுனின் பாடம்.

இன்னொரு வசதியும் உண்டு. மணலில் பந்து போன தடம் அப்படியே பதிந்துவிடும். கோணலாகத் தட்டியிருந்தால் தடம் காட்டிக்கொடுத்துவிடும். வாத்தியார் இல்லாமலே தவறு தெரிந்துவிடும்.

பிரவுனுக்குக் குறைகளும் உண்டு. தூரத்திலிருந்து அடித்த பந்து அங்கே விழுந்தால் எப்படித் துள்ளும் என்று சொல்ல முடியாது. கெட்டித் தரையில் பட்டால் ஓடிவிடும், மணல் தடித்த இடத்தில் விழுந்தால் அங்கேயே அமர்ந்துவிடும். எண்ணெய் மண்ணுக்குள் இறங்குவதும் நல்லதல்ல. மேலும் மணலில் மட்டுமே பழகியவர் புல்லுக்குப் போனால் திணறிப்போவார். பந்து அங்கே வழுக்கிக்கொண்டு குழியைத் தாண்டி ஓடிவிடும்.

உலகம் ஆண்ட அருகம்புல்

புல்லில் ஆடுவது வேறு வித்தை. இங்குதான் கதை சுவாரசியமாகிறது. வெப்ப நாடுகளின் கோல்ஃப் மைதானங்களில் ‘பெர்முடா புல்’ என்று ஒன்றை வளர்க்கிறார்கள். பெயரைக் கேட்டால் அட்லாண்டிக் தீவு நினைவுக்கு வரும். உண்மையில் அது நம் வரப்பில் கிடக்கும் அருகம்புல்தான். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அருகு. வயலில் களையாக வந்தால் விவசாயி சபிக்கிற அதே அருகு. எவ்வளவு பிடுங்கினாலும் வேரோடிப் பரவும் குணத்துக்காகத்தான் மணமக்களை வாழ்த்தும்போது ஆலோடு அருகையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி, இந்த அருகை ஆப்பிரிக்க இனம் ஒன்றோடு கலந்து மெல்லிய இலை கொண்ட ஒட்டுரகங்களை உருவாக்கினார். 1956-இல் டிஃப்கிரீன் வந்தது. 1965-இல் அதைவிடக் குட்டையான டிஃப்டுவார்ஃப் வந்தது. அதன்பிறகு வெப்ப நாடுகளிலும் நல்ல பச்சை அமைக்க முடிந்தது. வரப்பில் கிடந்த புல்லின் உறவுக்காரன் அயல்நாட்டுப் பெயரோடு வந்தான். ஆனால் வரப்பு அருகைப்போல மழையை மட்டும் நம்பி இருக்க மாட்டான். தினமும் தண்ணீர் கேட்பான்.

அருகில் பட்டிங் செய்பவர் முதலில் இலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் புல் பளபளவென்று தெரிகிறதா? இலை குழியை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். கருத்துத் தெரிகிறதா? இலை எதிர்த்து நிற்கிறது, கொஞ்சம் பலமாகத் தட்ட வேண்டும். குழியின் விளிம்பைப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். எந்த விளிம்பு பிசிறடித்து இருக்கிறதோ, அந்தப் பக்கம் புல் சாய்கிறது.

கைகள் மாறிய விதம்

தரை மாற மாற ஆட்டக்காரர்கள் நிற்கும் விதமும் மாறியது. அந்தக் காலத்துப் பச்சைகளில் புல் உயரமாக, மெதுவாக இருந்தது. ஆட்டக்காரர்கள் குனிந்து நின்று மணிக்கட்டைச் சுண்டித் தட்டினார்கள். அர்னால்டு பால்மர் முழங்கால்கள் ஒட்டும்படி நின்று அப்படித்தான் தட்டினார். பின்னர் புல்லை மேலும் ஒட்ட வெட்டத் தொடங்கினார்கள். பந்து கண்ணாடியில் ஓடுவதுபோல ஓடியது. எட்வர்டு ஸ்டிம்ப்சன் 1935-இல் உருவாக்கிய, பந்து ஓடும் வேகத்தை அளக்கும் கருவியை அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1970-களில் ஏற்றுக்கொண்டது. பச்சையின் வேகம் எண்ணாக வெளியில் தெரிந்ததும், யார் மைதானம் வேகமானது என்ற போட்டியும் வந்துவிட்டது.

வேகமான தரையில் மணிக்கட்டுச் சுண்டல் ஆபத்து. எனவே இன்று சொல்லிக்கொடுக்கும் முறை வேறு. கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, கண் பந்துக்கு நேர் மேலே இருக்கும்படி நின்று, மணிக்கட்டை அசைக்காமல், தோளிலிருந்து கடிகாரப் பெண்டுலம்போல மட்டையை ஆட்ட வேண்டும். மட்டையும் மாறியது. கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற பொறியாளர் 1959-இல், தலையின் இரு ஓரங்களிலும் எடையை வைத்த பட்டரைச் செய்தார். சற்றுத் தவறி ஓரத்தில் பட்டாலும் முகம் திரும்பாது. மட்டைப் பிடியை நெஞ்சில் ஊன்றித் தட்டும் முறைக்கு 2016-இல் தடை வந்தது.

தண்ணீர்க் கணக்கு

கோல்ஃப் புத்தகங்களில் பச்சைக்குத்தான் மரியாதை. பிரவுன் என்றால் வசதியில்லாதவர்களின் ஏற்பாடு என்ற எண்ணம் இருக்கிறது. வசதி வந்த மைதானங்கள் பழுப்பை நீக்கிப் பச்சைக்கு மாறியதையே முன்னேற்றம் என்று எழுதுவார்கள்.

மதுரைச் சமவெளியிலிருந்து பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. ஒரு பச்சைக்கு 500 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 18 பச்சைகள் சேர்ந்து ஏறக்குறைய ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர். சுற்றியுள்ள மைதானம் தனி. வயலில் பயிர் அறுவடையோடு முடிந்துவிடும். பச்சைக்கு வருஷம் முழுவதும் தண்ணீர் வேண்டும். பெரியாற்றுத் தண்ணீருக்கு முறை வைத்துக் காத்திருக்கும் கடைமடை விவசாயிக்கு இரண்டரை ஏக்கர் என்பது ஒரு குடும்பத்தின் வாழ்வு. அந்த ஊரில், ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காமல் ஒரு சாக்கையும் கொஞ்சம் மணலையும் வைத்து ஆட்டத்தை முடித்துக்கொண்ட பிரவுனைக் குறைவாகப் பேச நியாயமில்லை. எண்ணெயை மட்டும் விட்டுவிட்டால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாக்கை இழுத்துக்கொண்டு ஓரமாக நின்ற கேடிகளையும் மறக்கக் கூடாது. இந்தியாவின் முதல் தலைமுறைத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் அவர்களிலிருந்துதான் வந்தார்கள். கேடியாக இருந்த அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓபனை வென்றார்; அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர்தான். பெங்களூரில் கேடியாகத் தொடங்கிய முனியப்பா 2009-இல் அதே கோப்பையை வென்றார்.

பச்சையோ பழுப்போ, குழி என்னவோ அதே நாலேகால் அங்குலம்தான். அதைச் சுற்றி எதைப் பரப்புவது என்பதை அந்தந்த ஊரின் மழைதான் சொல்ல வேண்டும்.